அபூர்வ மிளகாய் ரகங்களுக்கு விதை தேடுவது எப்படி?

கடையில் கிடைக்கும் இரண்டு மூன்று ரகங்களைத் தாண்டி, நிறத்திலும் வடிவத்திலும் மணத்திலும் வேறுபட்ட மிளகாய்களை வீட்டில் வளர்க்க ஆசை. விதையை எங்கே தேடுவது, வாங்கியது சொன்ன ரகம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பது கேள்வி. இரண்டாவது பாதியிலிருந்து தொடங்குகிறேன். அது பிடிபட்டால், எங்கே தேடுவது என்பது பெருமளவு தானாகவே விளங்கிவிடும்.

மிளகாய்ப் பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடித்துவிடும். ஆனால் தேனீக்களும் சிறு பூச்சிகளும் நடமாடும் தோட்டத்தில் பக்கத்துச் செடியின் மகரந்தமும் தாராளமாக வந்து சேரும். அப்படிக் கலந்து உருவான பழத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. பழத்தின் தோலும் சதையும் தாய்ச்செடியின் பகுதிகள், அவை தாயைப் போலவேதான் இருக்கும். கலப்பு விதைக்குள் மட்டும் இருக்கிறது. அந்த விதையை முளைக்க வைத்து, மாதக்கணக்கில் வளர்த்து, காய் பார்க்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

அதனால் ஏமாற்றும் எண்ணமே இல்லாதவரிடம் வாங்கினாலும் வேறு ரகம் வந்துவிடலாம். முப்பது ரகங்களைப் பக்கம் பக்கமாக வளர்த்து, பழுத்ததைப் பறித்து விதை எடுத்து, பெயர் எழுதி விற்பவர் தன் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருப்பார். பழம் சரியாகத்தான் இருந்திருக்கும், விதைதான் கலந்திருக்கும். எனவே விதை வாங்குமுன் நான் முதலில் பார்ப்பது ரகத்தின் பெயரையோ படத்தையோ அல்ல. அந்த விதையை எடுத்தவர் யார், எப்படி எடுத்தார் என்பதைத்தான். விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தச் செடியை நீங்களே வளர்த்தீர்களா? மற்ற ரகங்களிலிருந்து பிரித்து வைக்க என்ன செய்தீர்கள், வலையா, பையா, தூரமா? எந்த வருடம் எடுத்த விதை? உண்மையாகவே வளர்ப்பவர் இதற்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார், கேட்காததையும் சேர்த்துச் சொல்வார். மொத்தமாக வாங்கிப் பொட்டலம் போடுபவரிடம் பதில் இருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். புதுப்புதுப் பெயர்களில் வரும் அதீதக் கார மிளகாய்களில் பல, இரண்டு ரகங்களைக் கலந்து இன்னும் நிலைப்படாதவை. நேர்மையான விற்பனையாளர்கள் எஃப்-2, எஃப்-3 என்று, கலந்தபின் எத்தனையாவது தலைமுறை என்பதைப் போட்டுவிடுவார்கள். ஏழு எட்டுத் தலைமுறை தேர்ந்தெடுத்து வளர்த்த பிறகுதான் ஒரு கலப்பு ஓரளவு நிலையான ரகமாகிறது. எஃப்-2 விதை வாங்கினால் பத்துச் செடிக்குப் பத்து விதமாகக் காய்க்கும். அதில் ஒரு தனி இன்பம் உண்டு. ஆனால் தெரிந்தே வாங்க வேண்டும்.

அடுத்தது, எந்த இனத்தைத் தேடுகிறோம் என்ற தெளிவு. பயிராக வளர்க்கப்படும் மிளகாய்கள் ஐந்து இனங்களில் அடங்கும். கேப்சிகம் ஆனுவம் நமக்கு மிகவும் பழகியது. குடைமிளகாய், ஹலப்பீனோ, கயென், ஷிஷிட்டோ எல்லாம் அதில்தான். கேப்சிகம் ஃப்ரூட்டெசென்ஸில் டபாஸ்கோவும் காந்தாரியும் வரும். ஹபனேரோ, பூத் ஜொலோக்கியா, கரோலினா ரீப்பர் போன்றவை கேப்சிகம் சைனென்ஸ். கேப்சிகம் பக்காட்டம் தென் அமெரிக்காவின் அஹி வகைகள். கேப்சிகம் பூபெசென்ஸ் ஆண்டிஸ் மலையின் ரொக்கோட்டோ. இந்த இனப்பெயர் குறிப்பிடப்படாத விதைப் பொட்டலத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். இனம் தெரிந்தால் வந்த செடியைப் பூக்கும்போதே ஓரளவு சோதித்துவிடலாம். பக்காட்டத்தின் வெள்ளை இதழ்களின் அடியில் மஞ்சளும் பச்சையும் கலந்த புள்ளிகள் இருக்கும். பூபெசென்ஸின் பூ ஊதா, இலையிலும் தண்டிலும் மென்மையான ரோமம், விதை கறுப்பு. சைனென்ஸில் பெரும்பாலும் ஒரே கணுவிலிருந்து இரண்டு மூன்று பூக்கள் தொங்கும். அஹி என்று வாங்கிய செடியில் புள்ளியில்லாத தூய வெள்ளைப் பூ வந்தால், காய்க்குக் காத்திருக்காமலே விற்றவரிடம் கேட்கலாம்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் தயங்காமல் பக்காட்டம் என்பேன். அபூர்வம் என்றதும் எல்லோரும் உலகின் உச்சக் காரத்தை நோக்கி ஓடுகிறார்கள், அது எனக்கு வருத்தமான விஷயம். லெமன் டிராப் என்ற மஞ்சள் மிளகாயில் எலுமிச்சை வாசனை தூக்கலாக இருக்கும், செடி குலுங்கக் காய்க்கும். பிஷப்ஸ் கிரௌன் மூன்று நான்கு மடிப்புகளாக விரிந்த தட்டையான காய். மடிப்புகளில் காரம் குறைவு, நடுவில் மட்டும் சற்று உண்டு. காரமே வேண்டாம், ஹபனேரோவின் பழவாசனை மட்டும் போதும் என்றால் ஹபனாடா இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மஸூரெக் உருவாக்கிய ரகம் அது. அழகுக்கென்றால் பச்சையும் வெள்ளையுமாக இலையும் காயும் வரும் ஃபிஷ் பெப்பர்.

ரொக்கோட்டோ மேல் ஆசை வரும், ஆப்பிள் போலத் தடித்த சதை. ஆனால் அது குளிர்ந்த மலைப் பயிர். வெப்பமான இடத்தில் செடி உயிரோடு நிற்கும், பூவெல்லாம் உதிர்ந்துவிடும். விதை தேடுவதற்கு முன்பே உங்கள் தட்பவெப்பம் அதற்கு ஒத்துவருமா என்று பார்த்துவிட வேண்டியது இந்த ஒரு இனத்துக்கு மிக அவசியம்.

சரி, எங்கே தேடுவது? மிளகாய் மட்டுமே வளர்த்து விதை விற்கும் சிறு தோட்டக்காரர்கள்தான் முதல் வாசல். பெரிய விதை நிறுவனங்களுக்கு அதிகம் விற்கும் ரகங்கள் போதும். இவர்களோ ஒவ்வொரு ரகத்தையும் பெயர் சொல்லிக் கொஞ்சுபவர்கள். பட்டியலில் நூற்றுக்கணக்கான ரகங்கள் இருந்தால் எல்லாவற்றையும் அவரே விளைவித்தாரா என்று கேளுங்கள். கொஞ்சம் ரகம், ஒவ்வொன்றுக்கும் இனம், பூர்வீகம், விதை எடுத்த வருடம், விளைவித்த முறை என்று எழுதியிருப்பவரிடம்தான் என் நம்பிக்கை.

நிறுவனங்கள் என்றால், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1992-ல் தொடங்கிய சிலி பெப்பர் இன்ஸ்டிட்யூட் மிளகாய்க்கென்றே இயங்குவது. விதையும் விற்கிறது. பூத் ஜொலோக்கியாவைச் சோதனை வயலில் வளர்த்து அளந்து, அதன் காரம் பத்து லட்சம் ஸ்கோவில் அலகைத் (மிளகாயின் காரத்தை அளக்கும் அலகு) தாண்டுவதை உறுதிசெய்ததும் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள்தான். அரிசோனாவில் 1983-ல் தொடங்கிய நேட்டிவ் சீட்ஸ் சர்ச், அங்குள்ள பழங்குடி மக்களின் பயிர்களைக் காப்பது. சில்டெப்பின் என்ற காட்டு மிளகாய் வேண்டுமென்றால் அங்கே பார்க்கலாம். 1975-ல் தொடங்கிய சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச், வளர்ப்பவர்கள் தங்களுக்குள் விதை பரிமாறிக்கொள்ள வழிசெய்யும் அமைப்பு.

முன்னே சொன்ன ஃபிஷ் பெப்பர் இன்று கிடைப்பதே அப்படி ஒரு பரிமாற்றத்தால்தான். அமெரிக்காவின் செசபீக் வளைகுடாப் பகுதியில் கறுப்பின மக்கள் போற்றி வளர்த்த ரகம் அது. பிறகு கிட்டத்தட்ட மறைந்துபோனது. 1940-களில் ஹொரஸ் பிப்பின் என்ற ஓவியர், தேனீ வளர்த்த ஒருவருக்கு அதன் விதையைக் கொடுத்தார். வாங்கிய ரால்ஃப் வீவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, அவருடைய பேரன் வில்லியம் வாய்ஸ் வீவர் குடும்பத்தின் உறைபெட்டியில் அந்த விதைகளைக் கண்டெடுத்தார். அவை முளைத்தன. 1995-ல் சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச் வழியாக எல்லோருக்கும் கிடைக்கச் செய்தார். யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று சொல்ல முடிகிற விதை எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மரபணு வங்கிகளைப் பலரும் கேட்கிறார்கள். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையத்தில் ஆயிரக்கணக்கான மிளகாய் மாதிரிகள் உண்டு. அமெரிக்க வேளாண் துறையும் ஜெர்மனியின் காட்டர்ஸ்லேபன் ஆய்வகமும் பெரிய தொகுப்புகளை வைத்திருக்கின்றன. ஆனால் அவை முதன்மையாக ஆராய்ச்சிக்கும் பயிர் மேம்பாட்டுக்கும் உள்ளவை. வீட்டுத் தோட்டத்துக்காக விண்ணப்பித்து அவர்கள் நேரத்தை எடுத்துக்கொள்வது சரியில்லை. அவற்றின் பட்டியல்களை மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு ரகம் எந்த இனம், எந்த நாட்டிலிருந்து சேகரிக்கப்பட்டது என்ற விவரம் அங்கே திறந்தே கிடக்கிறது. விற்பவர் சொல்லும் கதையோடு ஒப்பிட்டுப் பார்க்க மிகவும் உதவும்.

பலர் யோசிக்காத வழி ஒன்று உண்டு: பழத்தையே வாங்கி விதை எடுப்பது. பழம் முழுதாகப் பழுத்திருக்க வேண்டும், பச்சைக் காயின் விதை பெரும்பாலும் முளைக்காது. வெயிலில் காய்ந்த வற்றலிலிருந்தும் விதை முளைக்கும், பழையதாக இல்லாத வரை. புகையிட்டோ சூட்டிலோ உலர்த்தியவற்றில் விதை செத்திருக்கும், சிப்போட்லே என்ற புகையிட்ட ஹலப்பீனோவை விதைத்துப் பயனில்லை. பெரிய அங்காடிகளில் வரும் குடைமிளகாயும் நீள மிளகாயும் அநேகமாக வீரிய ஒட்டு ரகங்கள், அவற்றின் விதை தாயைப் போல வராது. ஆனால் ஒரு பகுதியில் தலைமுறைகளாக ஒரே ரகத்தை மட்டும் பயிரிட்டு வருகிறார்கள் என்றால், அங்கே விளைந்த பழத்தின் விதை நம்பகமானது. சுற்றிலும் அதே ரகம் இருக்கும்போது கலப்புக்கு வேலையில்லை. விலை உயர்ந்த விதைப் பொட்டலத்தைவிட இது பல நேரம் தூய்மையாக இருக்கும். அதீதக் கார மிளகாயைப் பிளக்கும்போது மட்டும் கையுறை போடுங்கள். காரம் விதையில் உருவாவதில்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில்தான் உருவாகிறது. விதை எடுக்க அதைத்தானே தொட்டாக வேண்டும்.

போலிகளைப் பற்றி. நீலநிற மிளகாய், ஒரே காயில் வானவில் என்று படம் போட்டு விற்கப்படும் விதைகளைப் பார்த்தவுடன் தள்ளிவிடுங்கள். மிளகாயில் ஊதா, கறுப்பு, பழுப்பு, வெளிர் ஆரஞ்சு, கிரீம் எல்லாம் உண்டு. நியூமெக்ஸ் ட்வைலைட் போன்ற ரகங்களில் ஊதா, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக் காய்கள் ஒரே செடியில் ஒரே சமயத்தில் நிற்கும், ஆனால் தனித்தனிக் காய்களாக. பளிச்சென்ற வான்நீலம் கிடையாது. அதேபோல, பூபெசென்ஸைத் தவிர எல்லா மிளகாய் விதையும் வைக்கோல் நிறத் தட்டை விதைதான், பார்த்து ரகம் சொல்ல முடியாது. விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் அது விதையில் பூசிய மருந்தின் சாயம், கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

பெப்பர் எக்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் விதையையும் வாங்காதீர்கள். 2023-ல் சராசரி 26,93,000 ஸ்கோவில் அலகோடு கின்னஸ் சாதனை பெற்ற மிளகாய் அது. உருவாக்கிய எட் கரி அப்போதே விதையை வெளியே தரப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். அதற்கு முன் சாதனையை வைத்திருந்த கரோலினா ரீப்பரும் அவர் உருவாக்கியதே, அதன் விதை பரவலாகக் கிடைக்கிறது. வால் போன்ற நுனியும் சுருங்கிய தோலும் இருந்தால் மட்டும் ரீப்பர் என்று முடிவு செய்துவிட முடியாது, அதைப் போன்ற கலப்புகள் ஏராளம்.

வேறு நாட்டிலிருந்து வரவழைப்பதென்றால் விதியைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். பல நாடுகளில் விதைக்குப் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும், சிலவற்றில் முன்கூட்டியே இறக்குமதி அனுமதியும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 டிசம்பரிலிருந்து சின்னப் பொட்டலத்துக்கும் சான்றிதழ் கட்டாயமாகிவிட்டது. இதை வெறும் காகிதத் தொல்லையாக நினைக்காதீர்கள். டொமாட்டோ பிரவுன் ருகோஸ் ஃப்ரூட் வைரஸ் என்று ஒன்று, 2014, 2015 வாக்கில் இஸ்ரேலிலும் ஜோர்டானிலும் தக்காளியில் கண்டறியப்பட்டது, சில ஆண்டுகளுக்குள் பல கண்டங்களுக்குப் பரவிவிட்டது. மிளகாயையும் தாக்கும், விதை வழியாகவும் போகும். உங்கள் தொட்டியிலிருந்து அது பக்கத்து விவசாயியின் வயலுக்குப் போனால் அவர் வருமானமே போய்விடும். சுங்கத்துக்குத் தெரியாமல் வாழ்த்து அட்டைக்குள் வைத்து அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2020-ல் பல நாடுகளில் யாரும் கேட்காமலே தபாலில் மர்ம விதைப் பொட்டலங்கள் வந்தன. அப்படி வருவதை விதைக்கவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது, வேளாண் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். அதிர்ஷ்டவசமாக, உள்நாட்டிலேயே தேடினால் கிடைக்காத ரகம் இன்று மிகக் குறைவு. யாரோ முறைப்படி வரவழைத்து வளர்த்திருப்பார்.

விதை கிடைத்த பிறகு பலர் விடும் தவறு, முளைக்கவில்லை என்று சீக்கிரமே தூக்கிப் போடுவது. ஆனுவம் வகைகள் சூடான மண்ணில் ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும். சைனென்ஸ் வகைகளுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் பிடிக்கலாம். சில்டெப்பின் போன்ற காட்டு மிளகாய் இரண்டு மாதம்கூட எடுத்துக்கொள்ளும், அதுவும் ஒரே சமயத்தில் முளைக்காது. காட்டில் அதன் விதையைப் பரப்புவது பறவைகள். மிளகாயின் காரம் பறவைக்கு உறைக்காது, எலிக்கு உறைக்கும். எலியின் பல்லில் அரைபட்ட விதை முளைக்காது, பறவையின் வயிற்றைக் கடந்தது முளைக்கும்.

முளைப்புக்கு மண்ணின் சூடு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 20-க்குக் கீழே போனால் விதை தூங்கும், ஈரம் மிகுந்தால் அழுகும். குழித்தட்டில் தென்னைநார்க் கழிவை ஈரமாக்கி, கையில் பிழிந்தால் சொட்டாத அளவுக்கு வைத்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு மூடி வையுங்கள். பழைய விதையை ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்கலாம். அபூர்வ விதையில் எப்போதும் பாதியை மட்டும் விதையுங்கள். ஒரு இரவு நாற்றழுகல் வந்தால் எல்லாம் போய்விடும், மீதிப் பாதி கையில் இருக்க வேண்டும்.

செடி வந்து காய் சரியான ரகம் என்று உறுதியானதும், அடுத்த விதையை நீங்களே எடுங்கள். இதைத் தேடலின் பகுதியாகவே நான் கருதுகிறேன். திரும்பத் திரும்பச் சந்தையை நம்பியிருந்தால் நல்ல ரகம் ஒருநாள் கைநழுவும். மொட்டு விரியும் முன் ஒரு கிளைக்கு மெல்லிய வலைத்துணிப் பை மாட்டுங்கள். அதற்கு முன்பே விரிந்த பூக்களையும் பிடித்த காய்களையும் கிள்ளிவிடுங்கள். தினமும் ஒருமுறை கிளையை லேசாகத் தட்டினால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். சில காய்கள் நின்றதும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காய்களின் காம்பில் வண்ண நூல் கட்டுங்கள். நூல் கட்டிய பழம் மட்டும்தான் விதைக்கு, மற்றதெல்லாம் சமையலுக்கு. முடிந்தால் மூன்று நான்கு செடிகளிலிருந்து எடுங்கள், ஒரே செடியை நம்ப வேண்டாம். ரொக்கோட்டோவுக்கு இந்தப் பாடு தேவையில்லை, மற்ற நான்கு இனங்களோடு அது கலக்காது. இரண்டு ரொக்கோட்டோ ரகங்கள் வைத்திருந்தால் மட்டும் கவனம்.

பழம் நன்றாகச் சிவந்து, அல்லது அதன் இறுதி நிறத்துக்கு வந்து, இன்னும் சில நாள் கழித்துப் பறியுங்கள். விதையை நிழலில், காற்றோட்டமாக, 35 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்துங்கள். மடக்கினால் வளையாமல் உடைய வேண்டும், அதுதான் பதம். காற்றுப்புகாத புட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் சிறு பையோடு போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் ஐந்து ஆண்டுக்கு மேலும் நல்ல முளைப்பு இருக்கும், வெளியே வைத்தால் இரண்டு மூன்று ஆண்டில் குறையத் தொடங்கும். ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது விதைச் சேமிப்பில் பழைய கணக்கு, ஆகவே குளிரைவிட உலர்வுக்கு முதலிடம் கொடுங்கள். பெட்டியிலிருந்து எடுத்ததும் புட்டியைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விடுங்கள், இல்லையென்றால் உள்ளே வியர்க்கும்.

பொட்டலத்தின் மேல் ரகத்தின் பெயர், இனம், யாரிடமிருந்து வந்தது, எடுத்த வருடம், பை மாட்டி எடுத்ததா இல்லையா என்ற ஐந்தும் இருக்கட்டும். பை மாட்டாமல் எடுத்ததை யாருக்காவது கொடுத்தால் அதையும் வெளிப்படையாக எழுதிக் கொடுங்கள். அப்புறம், காப்புரிமை பெற்ற ரகமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வளர்ப்பதற்குப் பெரும்பாலும் தடையிருக்காது, விதையை விற்பதற்கு இருக்கலாம்.